பூனை சாப்பாட்டை நிறுத்திவிட்டால்: முதல் நாளிலிருந்து உணவு ட்யூபை எடுக்கும் நாள் வரை

"பூனைதானே, பசித்தால் தானாக வந்து சாப்பிடும்" என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நோயில் விழுந்த பூனை பசித்தாலும் சாப்பிடாது, அப்படிச் சாப்பிடாமல் கிடப்பதே அதற்கு இன்னொரு நோயாகிவிடும். இறைச்சி தின்றே வாழும்படி அமைந்த உடம்பு அது. சாப்பாடு நின்றதும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போய்ச் சேரும், அவ்வளவையும் சமாளிக்கப் பூனையின் ஈரலால் முடியாது, அங்கேயே தேங்கி ஈரலையே முடக்கிவிடும். கண்ணின் வெள்ளை, காதின் உட்புறம், ஈறு எல்லாம் மஞ்சளாகும். கொழுப்பு ஈரல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மனிதர்களுக்கு ஸ்கேனில் வருகிற ஃபேட்டி லிவர் மாதிரி வருஷக்கணக்கில் இழுக்கிற சமாச்சாரம் இல்லை, சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கும். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்குத்தான் இது சீக்கிரம் வரும் என்பதால், "கொஞ்சம் இளைக்கட்டுமே" என்று விட்டுவிடவும் கூடாது.

ஆகவே கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், 48 மணி நேரத்தைத் தாண்ட விடவே கூடாது. குட்டிக்கு அரை நாள்கூட அதிகம், அதற்குள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். முழுதாக நிறுத்தாமல், வழக்கத்தில் பாதிகூடத் தின்னாமல் மூன்று நான்கு நாள் ஓட்டுகிற பூனையையும் இதே கணக்கில் சேருங்கள். "காலையில் ரெண்டு வாய் சாப்பிட்டதே" என்ற ஆறுதலில்தான் பலர் நாட்களைக் கோட்டை விடுகிறார்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பூனை அமைதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் 30க்குள் இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்தோ மஞ்சளாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அன்றே மருத்துவமனை. ஈறு காபி நிறத்தில் பழுப்பாகி முகமும் வீங்கியிருந்தால், யாராவது காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு 500 மி.கி. மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு, அதனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடுவன் பூனை திரும்பத் திரும்ப மண் தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டு வந்தோ வராமலோ எழுந்து போகிறதா? இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது. வாயோரத்திலோ நாக்கடியிலோ பின்பக்கத்திலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் குடலை அறுத்துவிடும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சாப்பாட்டை விட்டிருந்தால் பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸாக இருக்கலாம். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அந்த நிமிடமே பிரித்து வையுங்கள்.

இன்னொன்றை நம் ஊரில் சொல்லியே ஆக வேண்டும். தெருவிலிருந்து எடுத்து வந்த, தடுப்பூசி விவரம் தெரியாத பூனை, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், வழக்கமில்லாத மாதிரி சீறிக்கொண்டோ ஒரேயடியாக மிரண்டுகொண்டோ இருந்தால் அதன் வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனைக்கு என்ன நோய் என்று தெரிந்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது

நாய் பார்க்கிற எல்லாரும் பூனையை அதே கவனத்தோடு பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். முடிந்தால் பூனைகளை அதிகம் பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள். சென்னையில் என்றால் வேப்பேரியில், 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. மூடியுள்ள கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி எடுத்துப் போங்கள். சோர்ந்து கிடக்கிறதே என்று மடியில் வைத்து ஆட்டோவில் போனால், ஒரு ஹார்ன் சத்தத்தில் அந்தச் சோர்ந்த பூனை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

சாப்பிடாததற்குக் காரணம் சிறுநீரகம், ஈரல், கணையம், வாய்ப்புண், சளி, கட்டி என்று எதுவாகவும் இருக்கும், எனவே ரத்தப் பரிசோதனைக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் தயாராகப் போங்கள். நோயைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: குமட்டலுக்கு மருந்து கொடுத்திருக்கிறாரா, வலிக்குக் கொடுத்திருக்கிறாரா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, இன்றிலிருந்து எத்தனை கலோரி எந்த வழியாக உள்ளே போக வேண்டும். கடைசிக் கேள்வியை நீங்களாகக் கேட்காவிட்டால் "கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்" என்பதோடு சீட்டு முடிந்துவிடலாம்.

குமட்டலை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பூனை கிண்ணத்துக்குப் போகும், குனிந்து முகரும், உதட்டை ஒருமுறை நக்கும், எச்சிலை விழுங்கும், அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும். சில பூனைகள் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிராண்டி மூடப் பார்க்கும். இதைப் பிடிவாதம் என்றும் நாக்கு ருசி கேட்கிறது என்றும் நினைப்போம். உண்மையில் அதற்குப் பசி இருக்கிறது, வாசனை வந்ததும் வயிறு புரட்டுகிறது. இந்த நிலையில் எந்த மீனை வைத்தாலும் பலன் இல்லை. மாரோபிடன்ட், ஆன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் இதற்கென்றே இருக்கின்றன. குமட்டல் அடங்கிய பிறகு பசியைத் தூண்ட மிர்டாசபின் தருவார்கள். அமெரிக்காவில் பூனையின் காது மடலில் தடவும் களிம்பாக 2018இல் அதற்கு அனுமதி கிடைத்தது, மனிதர்களுக்கான மாத்திரையிலிருந்து சிறு துண்டாகக் கொடுப்பதும் உண்டு. அதைக் கொடுத்த பிறகு இரவெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தால் அளவு அதிகமாகியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தானாகச் சாப்பிட வைக்கப் பார்ப்பது

பூனை சாப்பிடுவது மூக்கால். சளி பிடித்த பூனை சாப்பிடாததற்குப் பாதிக் காரணம் மூக்கடைப்பு. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் கூடவே உட்கார்ந்திருந்து, மூக்கோரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சாப்பாட்டை வைத்துப் பாருங்கள். ஆவி பிடிக்கிற தைலத்தையெல்லாம் கிட்டேயே கொண்டுவராதீர்கள். சாப்பாடு வெதுவெதுப்பாக, பூனையின் உடம்புச் சூட்டுக்கு அதாவது 38 டிகிரியை ஒட்டி இருந்தால் வாசனை எழும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் நல்ல பூனையே யோசிக்கும்.

வேகவைத்த கோழி, முள் எடுத்த மத்தி அல்லது நெத்திலி, கொஞ்சம் கோழி ஈரல் இவற்றில் ஆரம்பிக்கலாம். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டு என்றாலும் கூடாதுதான். கருவாட்டின் மணத்துக்குப் பூனை வரும், ஆனால் அதிலுள்ள உப்பு சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. பால், தயிர்சாதம், செரலாக் மூன்றும் நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருபவை. பால் பல பூனைகளுக்குப் பேதியாகும், மற்ற இரண்டிலும் பூனைக்கு வேண்டிய புரதம் கிடையாது. சர்க்கரை கலந்து ஆசை காட்டுவதில் அர்த்தமில்லை, பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. கோழி வேகவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டது என்று சந்தோஷப்படலாம், அதில் நீர் இருக்கிறது, கலோரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் தள்ளி இருங்கள். சாப்பிடவில்லையா, எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க மூக்குக்கு நேரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு, குடும்பமே சுற்றி நின்று "சாப்பிடுடா தங்கம்" என்று கெஞ்சுவது வேண்டாம். அதேபோல அதற்கு மிகப் பிடித்த உணவில் கசப்பு மருந்தைக் கலக்காதீர்கள். நோயாக இருந்தபோது வாயில் பட்ட உணவைப் பூனை நோயோடு சேர்த்தே நினைவில் வைக்கும், குணமான பிறகும் அதைத் தொடாது.

சிரிஞ்சால் ஊட்டுவது

இதைச் செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகே செய்யுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பூனை, மூச்சு வாங்கும் பூனை, தலை நிமிர்த்த முடியாமல் கிடக்கும் பூனை, இவற்றின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்து, முதலில் வந்த நோயை விட்டுவிட்டு அதிலேயே உயிர் போய்விடும்.

மருத்துவமனைகளில் கொடுக்கிற மீட்பு உணவு டின்கள் இதற்கு வசதி, ராயல் கேனின் ரிகவரி, ஹில்ஸ் ஏ/டி இரண்டும் இங்கே பலர் பயன்படுத்துபவை. கிடைக்காவிட்டால் வேகவைத்த கோழியை மிக்ஸியில் மையாக அரைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக்கிச் சில நாள் சமாளிக்கலாம். ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் முன்னங்கால்களை உள்ளே வைத்துப் பூனையைச் சுற்றி, முதுகு உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி மேசையிலோ மடியிலோ உட்கார வையுங்கள். மல்லாத்திப் பிடிப்பதோ குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது போலத் தலையை அண்ணாக்குவதோ கூடாது, தலை இயல்பாக நேரே இருக்கட்டும். கோரைப்பல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டிலிருந்து சிரிஞ்ச் நுனியை அங்கே நுழைத்து அரை மி.லி. விடுங்கள், அதிகபட்சம் ஒரு மி.லி. அது விழுங்குவதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்தது. நுரை தள்ளினாலோ உடம்பை முறுக்கித் திமிறினாலோ ஓங்கரித்தாலோ அந்த வேளை அத்தோடு சரி.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ பூனை சும்மா படுத்துக் கிடப்பதற்கே நாளுக்குச் சுமார் 200 கிலோகலோரி வேண்டும். மீட்பு உணவில் மி.லி.க்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி என்று வைத்தால் 200 மி.லி. ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 40 மி.லி., ஒவ்வொரு மி.லி.யாக 40 முறை, ஒரு நாளில் 200 முறை அந்த வாய்க்குள் விட வேண்டும். தண்ணீர் விட்டு நெகிழ்த்தினால் இன்னும் கூடும். ஓரிரு நாள் செய்யலாம், வாரக்கணக்கில் யாராலும் முடியாது. நான்கைந்து நாளில் உங்களைக் கண்டாலே பூனை கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்ளும், நீங்களும் பாதி அளவை ஊட்டிவிட்டு முழுவதும் ஊட்டியதாக நினைத்துக்கொள்ள ஆரம்பிப்பீர்கள்.

ட்யூபுக்குப் பயப்படாதீர்கள்

டாக்டர் ட்யூப் என்று சொன்னதும் "ஐயோ, அதைப் போட்டுக் கொடுமைப்படுத்த வேண்டாம்" என்கிறோம். எனக்கு நேர்மாறான கருத்து. நோய் தீர வாய்ப்பு இருக்கிறது, சாப்பாடுதான் இறங்கவில்லை என்றால், ட்யூபைக் கடைசி முயற்சியாகத் தள்ளிப்போடாமல் மூன்றாம் நான்காம் நாளிலேயே நீங்களாகக் கேளுங்கள். கொழுப்பு ஈரல் வந்த பூனைகள்கூட, சீக்கிரம் ட்யூப் போட்டு விடாமல் ஊட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

இரண்டு வகை உண்டு. மூக்கு வழியாக விடும் மெல்லிய ட்யூபுக்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் நீர்மமான உணவு மட்டுமே போகும், சில நாளுக்குத்தான். கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு உணவுக்குழாயில் வைக்கும் ட்யூபுக்குக் கொஞ்ச நேரம் மயக்கம் கொடுக்க வேண்டும், அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இருக்கலாம். அரைத்த உணவும் பொடித்த மருந்தும் அதிலேயே போகும், வாய் சும்மா இருப்பதால் பூனை பாட்டுக்குத் தூங்கும். மடியில் சுகமாகப் படுத்து 'குர்குர்' என்றுகொண்டிருக்கும்போதே ஊட்டி முடித்துவிடலாம்.

ஒவ்வொரு வேளையும் முதலில் 5 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விடுங்கள். இருமினாலோ வாந்திக்கு எடுத்தாலோ உணவைச் செலுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள், ட்யூப் இடம் மாறியிருக்கலாம். பிறகு உணவை 15, 20 நிமிடத்துக்குப் பரப்பி விடுங்கள். உதட்டை நக்குவதும் விழுங்குவதும் தொடங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்திக் கொஞ்சம் பொறுங்கள். முடிந்ததும் மறுபடி 5 முதல் 10 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவி, மூடியைப் போட்டுவிடுங்கள். இந்தக் கடைசித் தண்ணீரைச் சோம்பலில் விட்டால் உணவு உள்ளே காய்ந்து ட்யூப் அடைத்துக்கொள்ளும், அப்புறம் வெந்நீரைச் செலுத்தி இழுத்து, செலுத்தி இழுத்து அரை மணி நேரம் போராட வேண்டும். கழுத்துத் துளையைத் தினமும் பார்த்துத் துடைத்துக் கட்டை மாற்றுங்கள். சீழ், நாற்றம், வீக்கம் இருந்தால் காட்ட வேண்டும்.

பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே முழு அளவைக் கொடுக்காதீர்கள். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுசு. வேகமாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து, சாப்பாடே எமனாகும். வேளைக்கான அளவும் கிலோவுக்கு 5 மி.லி.யில் ஆரம்பித்து ஏறட்டும், அதாவது 4 கிலோ பூனைக்கு 20 மி.லி.

ஒரு நோட்டுப் புத்தகம்

குறிப்பு எழுதாமல் இதைச் செய்ய முடியாது, அதுவும் வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கும்போது. நேரம், எவ்வளவு உள்ளே போனது, வாந்தி, சிறுநீர், மலம், கொடுத்த மருந்து. தினமும் ஒரே நேரத்தில் எடை. குளியலறைத் தராசில் நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறிக் கழிப்பதில் 100 கிராம் வித்தியாசம் தெரியாது, கிராம் காட்டுகிற சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதில் உட்கார வைத்தால் தெரியும்.

மருந்தில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறுமனே தொண்டைக்குள் போட்டுவிட்டு விடக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிச் சுருக்கிவிடும், சளிக்கு வைத்தியம் செய்யப் போய் விழுங்கவே முடியாத பூனையாகிவிடும். மாத்திரை போனதும் சில மி.லி. தண்ணீரோ கொஞ்சம் உணவோ பின்னாலேயே போக வேண்டும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், வேண்டாம். சிறுநீரக நோய் என்றால் தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுத் தருவார்கள், பார்க்கப் பயமாக இருந்தாலும் சீக்கிரம் கை பழகிவிடும். வயிற்றில் நீர் கோக்கும் எஃப்ஐபி என்று சொன்னால், அது ஒரு காலத்தில் தப்பவே முடியாத நோய், இப்போது ஜிஎஸ்-441524 போன்ற மருந்துகளால் நிறையப் பூனைகள் பிழைக்கின்றன. கையை விரிப்பதற்கு முன் அதைப் பற்றிக் கேளுங்கள்.

எதுவரைக்கும்

ட்யூப், ட்ரிப்ஸ் எல்லாமே திரும்பி வர வழி இருக்கிற பூனைக்கு. சிறுநீரகம் முற்றிலும் போய்விட்டது, புற்றுநோய் பரவிவிட்டது, மூச்சுக்கே அல்லாடுகிறது என்றால், உள்ளே தள்ளும் ஒவ்வொரு மி.லி.யும் நம் மனசுக்காகத்தான். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இது உங்கள் பூனையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" வலியில்லாமல் தூங்க வைப்பது நம் வீடுகளில் பாவம் என்று பேசப்படுகிறது, தெரியும். வாய் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டு அது தானாக அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குப் புண்ணியம் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருப்பது என்று முடிவானால் வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து நிற்கக் கூடாது, சாப்பாட்டை வற்புறுத்துவதை நிறுத்திவிடலாம்.

தேறி வரும்போது

முதலில் அது முகத்தைக் கழுவ ஆரம்பிக்கும். பல நாளாகச் சடை பிடித்துக் கிடந்த முடியை நக்கிச் சரிசெய்கிறது என்றால் குமட்டல் விட்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் ட்யூபில் ஊட்டுவதற்கு முன் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் உணவைத் தட்டில் வைத்துப் பாருங்கள், தொட்டால் தொடட்டும். வாயால் சாப்பிடச் சாப்பிட அந்த அளவை ட்யூபில் குறைத்துக்கொண்டே வாருங்கள். நன்றாகச் சாப்பிட்ட முதல் நாளே ட்யூபை எடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு வாரமாவது ட்யூபில் உணவே விடாமல், எடையும் குறையாமல் இருந்தால்தான் எடுப்பார்கள். அந்த வாரத்திலும் தினமும் காலையும் மாலையும் ட்யூபில் தண்ணீர் விட்டுக் கழுவுவது நிற்கக் கூடாது. எடுப்பதற்கு மயக்க மருந்து தேவையில்லை, தையலை வெட்டி இழுத்தால் வந்துவிடும். துளைக்குத் தையல் போட மாட்டார்கள், அதுவாக மூடிக்கொள்ளும், அதுவரை சுத்தமாக வைத்திருந்தால் போதும். எடை பார்ப்பதை மட்டும் இன்னும் ஒரு மாதம் வாரம் ஒருமுறை தொடருங்கள், குறைய ஆரம்பித்தால் மறுபடி 24 மணிக் கணக்குதான்.